மணி ஏறக்கூடிய கார் எது? தாம்பரம் சாலைகளில் ஒரு தேடல்

தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கார் பற்றி ஆலோசனை சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டாம். பெருங்களத்தூர்-வண்டலூர் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கிருந்துதான் ஊரெல்லாம் ஓடியது. தெற்கே மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு. மேற்கே ஒரகடத்தில் ரெனால்ட். வடமேற்கே இருங்காட்டுக்கோட்டையில், 1998-ல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர், பார்க்கிறவர், உதிரிபாகம் சப்ளை செய்கிறவர் என்று ஒருவர் இருப்பார். மைலேஜ், ரீசேல், சர்வீஸ் செலவு என்று எதைக் கேட்டாலும் கைவிரல் நுனியில் பதில் வைத்திருப்பார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘‘எங்க வீட்டு நாய் ஏறி உட்கார எந்த கார் தோதா இருக்கும்?’’ பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

சேலையூரில் எங்கள் வீட்டு மணிக்கு வயது 11. ஜாதி நாய் இல்லை. தெருவில் பிறந்து, வாசலில் வளர்ந்து, கூடத்துக்கு வந்து, கடைசியில் சோபாவையும் பிடித்துக்கொண்டவன். எடை 22 கிலோ. இரண்டு வருடமாக இடுப்பு மூட்டு தேய்மானம். பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, ‘‘வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்கம்மா’’ என்றார். அன்றிலிருந்து மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேப்பேரி பயணம். எங்களிடம் அப்போது இருந்தது ஒரு பழைய செடான். அதை மாற்றலாம் என்று முடிவெடுத்தபோது எதிர் வீட்டு மாமா சிரித்தார். ‘‘ஏம்மா, நாய்க்காகவா கார் மாத்தறீங்க?’’

‘‘ஆமாம் மாமா’’ என்றேன். வேறென்ன சொல்ல?

ரயில் இருக்கிறதே என்பீர்கள்!

நியாயமான கேள்வி. 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் ஊர் இது. ஆனால் ரயில்வே விதிப்படி நாயைக் கூடவே வைத்துக்கொண்டு போக முதல் வகுப்பில் ஒரு முழு கூபே அல்லது கேபினை நம் பெயரில் முன்பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் இடமில்லை. மெட்ரோவிலும் அனுமதி இல்லை. ஆட்டோக்காரர்களில் நாய்ப்பிரியர்கள் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் கவலையில்லை. ஆனால் மே மாத மதியம், சிக்னலில் பக்கத்து லாரிப் புகையோடு, மூட்டுவலி நாயை ஆட்டோவில் 30 கி.மீ. கூட்டிப் போவது யாருக்கும் சுகமில்லை.

வேப்பேரியில் இருப்பது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. 1903-ல் சைதாப்பேட்டையில் ஒரு பங்களாவில் தொடங்கிய கல்லூரி, பிறகு வேப்பேரிக்குப் போனது. பக்கத்துத் தெருவிலேயே நல்ல டாக்டர் இருந்தாலும், பெரிய பரிசோதனை, ஆபரேஷன் என்றால் தென்சென்னைப் புறநகரிலிருந்து பலரும் அங்கேதான் போகிறோம். அந்த ஒரு பாதையை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்த்தாலே நாய்க்கு ஏற்ற கார் எது என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

பாதை ஒன்று: சேலையூர் முதல் வேப்பேரி வரை

கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு நிறுத்தம். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை பிடித்தால் குரோம்பேட்டை கடைவீதியில் ஒரு நிறுத்தம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் பல்லாவரம் சந்தைக் கூட்டம் வேறு. விமான நிலையம், கத்திப்பாரா, சைதாப்பேட்டை என்று நின்று நின்று போவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். மனிதர்களுக்கு அது எரிச்சல். நாய்க்கு அது உயிர்ப் பிரச்னை.

காரணம் எளிது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் கணக்கு. அதற்கு அது சாதாரணம். அதற்கு மேல் இரண்டு, மூன்று டிகிரி ஏறினால் ஆபத்து தொடங்கிவிடுகிறது. மூக்கு சப்பையான பக் போன்ற நாய்களுக்கு இன்னும் சீக்கிரம்.

காரில் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஜில்லென்று இருக்கும். ‘‘ஏ.சி.யைக் கொஞ்சம் குறைங்க’’ என்றுகூடச் சொல்வார். பின்னால், சீட்டுக்கு அடியிலோ டிக்கி பக்கமோ படுத்திருக்கும் நாய்க்கு அந்தக் காற்று வந்து சேர்ந்திருக்காது. பின்பக்கக் கண்ணாடி வழியே வெயில் நேராக அதன் முதுகில் விழும். ஆகவே நாய்க்காக கார் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, பின்னால் ஏ.சி. காற்று வருகிறதா என்பதுதான். ஒரே மாடலில்கூட விலை குறைந்த வேரியன்ட்டில் பின்பக்க ஏ.சி. துவாரம் இருக்காது, அடுத்ததில் இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதியம் ஒரு மணிக்கு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில், நாய் படுக்கப்போகும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கறுப்பு ரெக்சின் சீட்டுக்குப் பதில் வெளிர்நிறத் துணி சீட் சென்னைக்கு நல்லது. பெரிய கண்ணாடிக் கூரை இன்று எல்லோரும் ஆசைப்படும் வசதி. நம் ஊர் வெயிலில், நாயை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் பின் ஏ.சி. இருக்கும் வேரியன்ட் வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு நிமிஷம் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்’ என்று நாயைப் பூட்டிய காரில் விட்டுப் போகவே கூடாது. வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால், நிறுத்தி வைத்த காருக்குள் பத்து நிமிடத்தில் 45 டிகிரியைத் தொடும். அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் கிடையாது. சில புதிய மின்சார கார்களில் வண்டியைப் பூட்டிய பிறகும் ஏ.சி. ஓடும்படி செல்லப்பிராணிகளுக்கென்றே ஒரு வசதி வருகிறது. நல்ல வசதிதான். ஆனால் பேட்டரியை நம்பிப் பிள்ளையை விட்டுப் போவோமா? நாயையும் விட வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் காரில் இருக்கட்டும்.

பாதை இரண்டு: முடிச்சூர் மழைக்காலம்

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் கார் வாங்கும் கணக்கே வேறு. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது அந்தப் பகுதி பட்ட பாடு நாடே பார்த்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது. கிழக்கே பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய வேளச்சேரியில், மழை எச்சரிக்கை வந்தாலே மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரை நிறுத்திவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ‘தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும்’ என்று எஸ்.யூ.வி. தேடுவது தப்பே இல்லை.

ஆனால் உயரமான வண்டியில் யார் ஏறுவது? மூன்று வயதில் மணி மதில்மேல் தாவியவன். ஒரு டிக்கி அவனுக்கு எம்மாத்திரம்? பதினோரு வயதில் வாசற்படி இரண்டு ஏறுவதற்கே நின்று யோசிக்கிறான். பல எஸ்.யூ.வி.களில் டிக்கியின் விளிம்பு நம் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் வரும். 22 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கினால் மூட்டுவலி அதற்கு மட்டும் இருக்காது, நமக்கும் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் யோசிக்காமல் விட்டுவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. நாயின் ஆயுள் சராசரியாக 10 முதல் 13 வருடம். கார் கடன் ஐந்து அல்லது ஏழு வருடம். புது கார் ஆர்.சி. 15 வருடத்துக்குச் செல்லும். நடுத்தரக் குடும்பத்தில் ஒரு காரைப் பத்து வருடமாவது ஓட்டுகிறோம். அப்படியென்றால் இன்று குட்டியைப் பார்த்து வாங்கும் கார்தான், அதன் கிழப்பருவத்துக்கும் கார். துள்ளிக் குதிக்கும் இரண்டு வயது லேப்ரடாரை ஷோரூமுக்குக் கூட்டிப்போய், அது ஒரே தாவலில் ஏறியதும் ‘ஆஹா, சரியான வண்டி’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. பத்து வயதில் அது இதே படியில் எப்படி ஏறும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் முழங்கால் வலியோடு மாமியாரோ அம்மாவோ இருந்தால் அவர்களுக்கும் அதே கணக்குதான். பெரியவர்களுக்குச் சுலபமாக இருக்கும் வண்டி வயதான நாய்க்கும் பெரும்பாலும் சுலபமாக இருக்கும்.

ஒரு வழி இருக்கிறது. டிக்கியை விட்டுவிட்டுப் பின்பக்கக் கதவைப் பாருங்கள். பல கார்களில் அந்தக் கதவு வழியாகத் தெரியும் தரைத்தளம் நம் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். டிக்கி விளிம்பைவிட அது எவ்வளவோ தேவலை. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்றும் பாருங்கள். மாருதி ஈக்கோவில் பின்கதவு பக்கவாட்டில் நகரும். சேலையூர், மேற்குத் தாம்பரம் சந்துகளில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும்போது அது பெரிய வசதி. ஆனால் அதில் பின்னால் ஏ.சி. காற்று போதாது. வேப்பேரி பாதைக்கு அது ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒரு சாய்பலகை. எங்கள் தெருவுக்கு வரும் ஆசாரியிடம் சொல்லி, ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் பிளைவுட் பலகை ஒன்று அறுத்து, மேலே கயிறு மிதியடியை ஒட்டி வாங்கினோம். தேங்காய் நார் என்பதால் நகம் நன்றாகப் பிடிக்கிறது, வழுக்குவதில்லை. முதல் இரண்டு நாள் மணி அதை மோந்துபார்த்துவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் நாள் பலகையின் மேல் முனையில் ஒரு துண்டு வேகவைத்த கோழி வைத்தோம். அத்தோடு தயக்கம் தீர்ந்தது.

பாதை மூன்று: கோவளம் வரை ஒரு ஞாயிறு

வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் சாலையில் போனால் கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று வழிநெடுக இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கிறது. கேளம்பாக்கம் தாண்டி கோவளம் கடற்கரை. தாம்பரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. அதிகாலையில் கிளம்பினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு எச்சரிக்கை: கோவளத்தில் 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதி இருக்கிறது. அப்படிப்பட்ட கடற்கரையில் நாய்கள் வருவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. அங்கே இறங்காமல் தள்ளி, கூட்டமில்லாத மணலில் கயிறோடு நடத்துங்கள். கடலாமை முட்டையிடும் மாதங்களில் கடற்கரையில் நாயை அவிழ்த்தே விடாதீர்கள். வழியில் இருக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் நாயோடு போகும் எண்ணம் வேண்டாம். உள்ளே இருக்கும் விலங்குகளுக்கும் நம் நாய்க்கும் இரண்டுக்குமே நல்லதில்லை.

இந்தப் பாதை கற்றுத்தருவது வேறொரு பாடம். காலியான சாலை என்று 60-ல் போய்க்கொண்டிருக்கும்போது வண்ணம் அழிந்த வேகத்தடை ஒன்று திடீரென்று வரும். அதற்கடுத்து நடுரோட்டில் மாடு. பிரேக் அடித்தால் நாம் பெல்ட்டில் தொங்குவோம். நாய்? 50 கி.மீ. வேகத்தில் மோதுவது, கணக்குப்படி பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். கட்டாமல் உட்கார்ந்திருக்கும் நாய் தானும் அடிபட்டு, முன்சீட்டில் இருப்பவரையும் அடிக்கும்.

ஆகவே மார்புப் பட்டை, அதிலிருந்து சீட் பெல்ட் கொக்கியில் மாட்டும் ஒரு குட்டை வார். இரண்டும் கட்டாயம். கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது. பிரேக் அடித்தால் கழுத்தை இறுக்கிவிடும். முன்சீட்டும் கூடாது. ஏர்பேக் விரிந்தால் நாயால் தாங்க முடியாது. கூண்டு வைக்கிறவர்கள் அதையும் நகராமல் கட்ட வேண்டும்.

கார் பார்க்கும்போது இதற்கும் ஒரு சோதனை உண்டு. பின்சீட்டில் ஒரு பாதியை மடித்துவிட்டால், மிச்சமிருக்கும் பெல்ட் கொக்கி நாய் படுக்கும் இடத்துக்கு எட்டுகிறதா? சில கார்களில் சீட்டை மடித்ததும் கொக்கி அடியில் போய்விடும். மடித்த பாதி இடதுபுறமாக இருந்தால் நல்லது. நாய் ஓரத்திலேயே இறங்கும், போக்குவரத்துப் பக்கம் குதிக்காது. தரையில் நடுவே மேடு இல்லாமல் இருந்தால் அது கால் நீட்டிப் படுக்கும்.

கண்ணாடி வழியே தலையை நீட்டி, காது பறக்க நாய் போவதைப் பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊரில் இடதுபக்க இடுக்கில் பைக் நுழையும். கண்ணில் மண் விழும். ஓட்டுநர் கதவில் இருக்கும் பவர் விண்டோ லாக்கைப் போட்டுவிடுங்கள். பாதம் தவறிப் பட்டனில் பட்டால்கூடக் கண்ணாடி இறங்காது.

பாதை நான்கு: ஊருக்குப் போகும் நாள்

தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் தாம்பரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகும், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டி பரனூர் சுங்கச்சாவடி வரை ஊர்ந்துதான் போக வேண்டும். நாய் வளர்க்கும் பல குடும்பங்கள் அன்றைக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. யாராவது ஒருவர் வீட்டில் தங்குவதா, நாயைக் காப்பகத்தில் விடுவதா, ஊருக்கே போகாமல் இருப்பதா? எங்கள் வீட்டில் ஐந்து தீபாவளி என் கணவர் மணியோடு இங்கேயே இருந்துவிட்டார். அங்கே திண்டிவனத்தில் மாமியார் இலை போட்டுவிட்டு, ‘‘அவன் சாப்பிட்டானோ என்னமோ’’ என்பார். மகனைச் சொல்கிறாரா மணியைச் சொல்கிறாரா என்று கடைசி வரை எனக்குப் புரிந்ததில்லை.

இந்தப் பயணத்துக்கு வேண்டியது இடம். நான்கு பேர், நான்கு பை, பலகாரத் தூக்கு, நாய். செடானின் டிக்கி பெரிதாக இருந்தாலும் அது மூடிய பெட்டி. நாய்க்கு உதவாது. சி.என்.ஜி. வண்டி எரிபொருள் செலவைக் குறைக்கும். ஆனால் பல மாடல்களில் சிலிண்டர் டிக்கியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்குக் கீழே வைத்து டிக்கியை மிச்சம் பிடிக்கும் மாடல்களும் இப்போது வந்துவிட்டன. திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீண்ட பயணத்துக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே நாய்க்குச் சாப்பாடு போட்டுவிடுங்கள். வயிறு நிறைய இருந்தால் வாந்தி நிச்சயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர், சிறுநீர். இறக்கும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். வெளிமாநிலம் போனால் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் ஒரு இன்ச் டேப்

இந்த நான்கு பாதைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஷோரூம் ஏறினோம். விற்பனைக்கு நின்ற இளைஞர் சுறுசுறுப்பானவர்.

‘‘மேடம், இந்த வண்டில டிக்கி நானூறு லிட்டருக்குப் பக்கம் மேடம்!’’

‘‘தம்பி, நான் தண்ணி ரொப்பப் போறதில்ல. ஒரு டேப் இருந்தா குடுங்களேன்.’’

அவர் சிரித்துவிட்டார். விஷயம் அதுதான். லிட்டர் என்பது மூலை முடுக்கெல்லாம் சேர்த்த கொள்ளளவு. நாய்க்கு வேண்டியது நீளம், உயரம், அகலம். வீட்டிலேயே நாயை நிற்கவைத்து மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை ஒரு அளவு, தரையிலிருந்து காது நுனிவரை ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. லேப்ரடார் தோள் உயரம் சுமார் 55 செ.மீ. நம் ராஜபாளையம் நாய் 65 முதல் 75 செ.மீ. தபால்தலை வரை ஏறிய கம்பீரமான நாய் அது. சின்ன காரின் டிக்கியில் மட்டும் அதை ஏற்ற முடியாது.

எங்கள் கணக்கில் தேறியவை மூன்று வகை. சிறிய நாய் என்றால் வேகன் ஆர் போல உயரக் கூரை வைத்த சின்ன கார் போதும். உட்காரும் உயரம் தாராளம். டிக்கி 341 லிட்டர். ஓட்டவும் நிறுத்தவும் எளிது. ஆனால் பின்னால் ஏ.சி. துவாரம் இல்லை. நடுத்தர, பெரிய நாய், குடும்பமும் பெரிது என்றால் எர்டிகா வகை. மூன்றாம் வரிசையை மடித்தால் 550 லிட்டர். பின்னால் ஏ.சி. வரும். விலையும் நீளமும் கொஞ்சம் கூடுதல். சந்துக்குள் வீடு இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், நம் ஒரகடத்திலேயே தயாராகும் ரெனால்ட் டிரைபர். நாலு மீட்டருக்குள் நீளம். மூன்றாம் வரிசை சீட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். அப்போது 625 லிட்டர் இடம். தரை இடைவெளி 182 மி.மீ.; மழைக்கும் ஓரளவு தாங்கும். குறையும் உண்டு. ஒரு லிட்டர் எஞ்சின், 72 குதிரைத்திறன். ஏ.சி. போட்டு ஆள் நிறைய ஏற்றினால் மேம்பாலத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

நாங்கள் எடுத்தது நான்கு வருடம் ஓடிய பழைய டிரைபர், பின் ஏ.சி. உள்ள வேரியன்ட். எங்கள் வீட்டு அவசரம் வேகம் இல்லை, குளிர்ச்சி. உங்கள் வீட்டுக் கணக்கில் வேறு வண்டி தேறலாம். பழைய கார் என்றால் நாய்க்கு ஒரு லாபம்: முதல் கீறலுக்கு யாரும் கத்த மாட்டார்கள். நாயையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போங்கள். முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, பழைய பெட்ஷீட் ஒன்று எடுத்துப் போனால் எந்த ஷோரூமிலும் பெரும்பாலும் மறுப்பதில்லை. வண்டியை ஓட்டிக்காட்ட வரும் பையன் நாய்க்குப் பயப்படுவானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பாவம்!

சீட்டை மடித்த இடத்தில் சின்ன பள்ளம் இருந்தது. அதே ஆசாரி ஒரு பலகை அறுத்துக் கொடுத்தார். மேலே பழைய மெத்தை. புது வண்டிக்குப் பூஜை போட்டு நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தபோது, மணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். குருக்கள் சிரித்துக்கொண்டே வேறு பழம் வைத்தார்.

கையில் எழுதி எடுத்துப் போக வேண்டியவை

• பின்கதவுத் தரைத்தளம், டிக்கி விளிம்பு – இரண்டின் உயரம். வயதான நாய் ஏறுமா?

• மதியம் ஒரு மணிக்குப் பின்னால் ஏ.சி. காற்று வருகிறதா?

• ஒரு பக்க சீட்டை மடித்தால் சமதளமாகிறதா? பெல்ட் கொக்கி எட்டுகிறதா?

• நாய் நின்று திரும்ப நீள, உயரம் போதுமா? லிட்டரைப் பார்க்காமல் டேப்பால் அளங்கள்.

• நாய் படுத்த பிறகு, வீட்டில் எத்தனை பேர் உட்கார முடியும்?

• உங்கள் தெருவில் அந்தக் கதவு முழுசாகத் திறக்குமா?

போன தீபாவளிக்கு எல்லோருமாகத் திண்டிவனம் போனோம். மாமியார் முன்சீட்டில், பிள்ளைகள் பின்னால் ஒரு பக்கம், பக்கத்தில் மெத்தையில் மணி. பரனூர் தாண்டும்வரை தலையைத் தூக்கித் தூக்கி எல்லோரும் இருக்கிறோமா என்று எண்ணிக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் தூங்கிவிட்டான். வேப்பேரி டாக்டர் சொன்னதை நான் மறந்துவிடவில்லை. மூட்டு இனி முன்போல் ஆகாது. வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது என்றார். இன்னும் எத்தனை தீபாவளியோ தெரியாது. இருக்கிற வரைக்கும் அவனை விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பதற்குத்தான் இத்தனை அளவும் கணக்கும்.

உங்கள் வீட்டில் இப்போது மூன்று மாதக் குட்டி ஓடிக்கொண்டிருக்கிறதா? கார் மாற்றும் எண்ணமும் இருக்கிறதா? அதன் பத்தாவது வயதை நினைத்து இன்றே டேப்பை எடுங்கள்.